கவிழ்த்துப் போடும் கறுவாப் பணிஸ்

துணியைத் தூக்கிப் பார்த்தேன். மா எழும்பவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். யூரோ வந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். ஜெர்மனியில், பான் நகருக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. குசினி ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர். அதற்கு மேலிருந்த கட்டையில் மாச்சட்டியை ஏற்றி, ஈரத் துணியால் மூடி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் என்று செய்முறை அட்டையில் எழுதியிருந்தது. இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் களிமண்ணில் விழுந்தது போல அப்படியே நின்றது.

அம்மா நாலு மணிக்கு வேலையால் வருவார். மறுநாள் காலை அவர் ஒரு தட்டு கறுவாப் பணிசோடு, அதாவது பட்டை போட்ட இனிப்பு பன்னோடு, ஒரு பேக்கரிக்குப் போக வேண்டும். பணிஸ் நன்றாக வந்தால் அம்மாவுக்குப் பேக்கரியின் உள்ளே வேலை. வராவிட்டால் பழையபடி வாளியும் துடைப்பமும்.

அந்தப் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்று நம்பிய வயது.

உள்ளே ஒரு வேலை

அம்மா அப்போது படிக்கட்டுகள் துடைத்துக்கொண்டிருந்தார். பகலில் இரண்டு கட்டடங்கள். மாலையில், கடை பூட்டிய பிறகு, ஒரு பேக்கரி. முழங்கால் வீங்கி, மாடி ஏறி வந்ததும் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பேக்கரியை நடத்தியவர் ஃப்ராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர். ஐம்பது வயது, பெரிய தோள்கள், சத்தமான குரல். ஒருநாள் மாலை அவர் தனியாக நின்று மறுநாளுக்கான மாவை உருட்டிக்கொண்டிருந்தாராம். உதவிக்கு இருந்த பெண் பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டிருந்தார். அம்மா நிலத்தைத் துடைத்துவிட்டுக் கையைக் கழுவி, யாரும் கேட்காமலேயே பக்கத்தில் நின்று இருபது உருண்டை உருட்டிக் கொடுத்திருக்கிறார்.

ஃப்ராவ் கெஸ்லர் அந்த உருண்டைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“சனிக்கிழமை வீட்டில் செய்யும் ஏதாவது ஒன்றை இங்கே கொண்டுவந்து என் அடுப்பில் சுடுங்கள். எனக்கு உங்கள் சான்றிதழ் வேண்டாம். உங்கள் கையைப் பார்க்க வேண்டும்.”

அம்மா வந்து இதைச் சொன்னபோது வீட்டில் ஒரு கல்யாணக் களை. அப்பா தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டுகிறவர். எந்தச் செய்தியையும் பகிடி இல்லாமல் வாங்கிக்கொள்ள மாட்டார்.

“அப்ப இனி எனக்கு நெடுகச் சுடச்சுடப் பாண். பல்லுக்கு வேலை இல்லை.”

“நான் வெறும் பணிஸ் போடுவன். அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றார் அம்மா.

“வெறும் பணிசையோ?” என்றேன் நான். “அவ ஒரு நாளைக்கு ஐந்நூறு பணிஸ் போடுறவ, அம்மா. அவ காணாத ஒண்டைக் கொண்டுபோக வேணும். நான் பார்க்கிறன்.”

எங்கள் வீட்டில் ‘நான் பார்க்கிறன்’ என்று நான் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தபால் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். வருகிற கடிதமெல்லாம் என் கைக்கு வந்து, நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குச் செய்தியாகும் என்று. அப்பா இரண்டாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். நான் கிம்னாசியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்.

அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று அது எங்கே போய் முட்டியது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

ரேச்சலின் அட்டை

எங்கள் வகுப்பில் ஒரு வருடம் ரேச்சல் என்ற அமெரிக்கப் பெண் வந்து படித்தாள். பென்சில்வேனியாவிலிருந்து வந்தவள். அவளுடைய அம்மா ஆமிஷ் குடும்பத்தில் பிறந்தவர். கார் வைத்துக்கொள்ளாமல், வீட்டுக்கு மின்சாரம் எடுக்காமல், குதிரை வண்டியில் போய்வரும் மக்கள். அங்கே அவர்களை டச்சுக்காரர் என்பார்களாம். உண்மையில் அவர்களுடைய முன்னோர் நிறையப் பேர் போனது இங்கிருந்து, ரைன் நதி ஓடுகிற இந்தப் பக்கங்களிலிருந்து. தங்கள் வேதத்துக்காக அடிவாங்கி, துரத்தப்பட்டு, கப்பலேறிப் போனவர்கள்.

இதை அவள் வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த நாட்டிலிருந்தும் ஆட்கள் அகதியாகப் போயிருக்கிறார்களா!

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு அதிகம் தைத்தது. ஆசிரியர் அவளுடைய அம்மாவின் படிப்பைக் கேட்டார். “எட்டாம் வகுப்பு. எங்கள் ஆட்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள்,” என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. முகம் சிவக்கவில்லை. குரல் தாழவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். என்னை அந்தக் கேள்வி கேட்டிருந்தால் என்ன பொய் சொல்லியிருப்பேன் என்று மனசுக்குள் ஒத்திகை ஓடியது.

ஊருக்குப் போகும்போது அவள் எனக்கு ஒரு அட்டை தந்தாள். அவளுடைய அம்மாவின் கையெழுத்தில், ஒட்டுகிற கறுவாப் பணிஸ் செய்முறை. மூலையில் வெண்ணெய்க் கறை.

பால், முட்டை, வெண்ணெய் சேர்த்துக் குழைத்த இனிப்பு மா. அதைப் பாய் போல விரித்து, வெண்ணெய் தடவி, சீனியும் கறுவாத் தூளும் தூவி, சுருட்டி, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். தட்டின் அடியில் முதலே வெண்ணெயும் மண்ணிறச் சீனியும் பாகு போன்ற பாணியும் காய்ச்சி ஊற்றி, உடைத்த வால்நட் பருப்பைப் பரப்பி வைக்க வேண்டும். அதன்மேல் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிச் சுட வேண்டும். சுட்டு எடுத்ததும் சூட்டோடு சூடாகத் தட்டைக் கவிழ்க்க வேண்டும். அப்போது அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும்.

இந்த ஊரிலும் கறுவா வைத்துச் சுருட்டிய பணிஸ் உண்டு. நத்தை என்று பெயர். ஆனால் கவிழ்ப்பதில்லை, ஒழுகுவதில்லை. ஃப்ராவ் கெஸ்லர் காணாத ஒன்று என் கையிலிருந்தது.

பாணிக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சீனி எடுக்கிற பீட்ரூட் கிழங்கிலிருந்து காய்ச்சும் கறுத்த பாணி எல்லாக் கடையிலும் இருக்கும். அப்பா அதைப் பாண் துண்டில் பூசித்தான் வேலைக்குக் கொண்டுபோவார். கறுவாவுக்கு மட்டும் அம்மா விடவில்லை. கடைத் தூளை மணந்து பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு, தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த எங்கள் நாட்டுக் கறுவாவை எடுத்துத் தந்தார். கையால் நொறுக்கினால் நொறுங்குகிற மெல்லிய சுருள். “உதைப் போடு,” என்றார். அவர் அந்த வேலையில் சொன்ன ஒரே சொல் அதுதான். மிச்சமெல்லாம் நானும் அட்டையும்.

கண்ணாடி வந்த கதை

மா எழும்பாமல் கிடந்த அந்தச் சட்டிக்கு முன்னால் உங்களை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் சனிக்கிழமை விளங்காது.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். ஒரு அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின். அதாவது, இத்தனை மணிக்கு வா என்று கடிதம் போட்டுக் கூப்பிடுவது. அங்கே ஒரு ஐயா அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டி, “வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்,” என்றார். அம்மா காகிதத்தை வாங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள்.

“அம்மா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார்,” என்றேன்.

அந்த ஐயா சிரித்தார். தன் மனைவியும் அப்படித்தான் என்றார். முழுவதையும் தானே வாசித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து அந்தப் பொய் எங்கள் வீட்டுத் திறப்புச் சாவி மாதிரி ஆகிவிட்டது. வைத்தியரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், எல்லாக் கதவையும் அதுவே திறந்தது. ஒருமுறை என் வகுப்பாசிரியை, “உன் அம்மா எப்போதுமே மறந்துவிடுகிறாரே,” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன்.

அடுத்த கிழமை அம்மா கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. சூப்பர்மார்க்கெட் வாசலில், முறுக்கிவிட்டால் சுற்றுகிற கம்பியில் தொங்குமே, அந்த மலிவுக் கண்ணாடி. கறுப்புக் கயிறு போட்டிருந்தார். அம்மாவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து கீழே வருவது எந்த பஸ் என்று அதன் பலகையின் நிறத்தைக்கொண்டே சொல்லிவிடுவார்.

அதற்குப் பிறகு யாராவது காகிதம் நீட்டினால், அம்மா கண்ணாடியை மாட்டிக்கொள்வார். காகிதத்தைச் சரியான நீளத்தில் பிடிப்பார். கண்ணை இடமிருந்து வலமாக, வரி வரியாக நகர்த்துவார். தேவையான நேரம் எடுத்துவிட்டு, “நீயும் ஒருக்காப் பார்,” என்று என்னிடம் தருவார்.

“உதைப் போட்டால் தலை சுத்துது பிள்ளை,” என்று ஒருமுறை சொன்னார்.

“கொஞ்ச நேரம்தானே அம்மா,” என்றேன்.

ஐந்தாறு வருடம் அந்தக் கொஞ்ச நேரம் ஓடியது.

நீல மூடி

நாலு மணிக்கு அம்மா வந்தார். செருப்பைக் கழற்றி, குசினிக்குள் வந்து, என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். துணியைத் தூக்கி ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்தார்.

“எந்த வாளியிலை மா எடுத்தனீ?”

“நீல மூடி.”

அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“அது பிட்டுக்கு அவிச்ச மா எல்லோ!”

எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, ஆறவிட்டு, உதிர்த்து, அரித்து வாளியில் போட்டு வைப்போம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அது வேண்டும். பார்வைக்குப் பச்சை மாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒருமுறை வெந்த மா இழுபடாது. அதற்குள் ஒரு கட்டி ஈஸ்ட் இல்லை, ஒரு பெட்டி ஈஸ்ட் போட்டாலும் எழும்பாது. ஆமிஷ் அம்மா எழுதிய அட்டையில் இதற்கு எச்சரிக்கை இல்லை. உலகத்தில் வேறு எந்தக் குசினியில் இந்தப் பிழை நடக்கும்?

அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேரப்பா, பேசாமல் உதைப் பிட்டாய் அவிச்சு விடுங்கோவன். கறுவாப் பிட்டு. ஜெர்மன்காரி சென்மத்திலை கண்டிருக்க மாட்டா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கம் கோபமாக மாறி வாய்க்கு வந்துவிட்டது.

“நீங்கள் ஏன் மூடியிலை எழுதி வைக்கேல்லை?”

ஹீட்டருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா, தன் கோப்பையைத் தேடுகிற மாதிரி, வெளியே போய்விட்டார்.

அம்மா கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். துடைத்துக்கொண்டு, “எனக்கு நிறம் காணும் பிள்ளை,” என்றார். “வெள்ளை மூடி வாளியை எடு.”

வெள்ளை மூடி வாளியை எடுத்தேன்.

பன்னிரண்டு துண்டு

அதன்பின் நான் கண்டதை எப்படி எழுதுவது?

அம்மா அட்டையை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். ஒரே ஒருமுறை. அளவுக் கோப்பையைத் தொடவில்லை. பாலை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். மாவை மேசையில் கொட்டி, உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, தள்ளி, மடித்து. முழங்கால் வலிக்கிற அந்த உடம்பு மேசைக்கு முன்னால் வேறு உடம்பாக நின்றது. மா முதலில் கையில் ஒட்டியது. பிறகு மேசையில் ஒட்டியது. பிறகு எதிலும் ஒட்டவில்லை.

முக்கால் மணி நேரத்தில் துணி மேடாக எழும்பியது.

விரித்த மாவைச் சுருட்டியதும் நான் கத்தியை நீட்டினேன். அம்மா தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்தார். சுருளின் அடியால் நூலைவிட்டு, மேலே கொண்டுவந்து மாற்றி இழுத்தார். ஒரு துண்டு நசுங்காமல், வட்டம் கலையாமல் விழுந்தது. அப்படித் தட்டுக்குப் பன்னிரண்டு, இரண்டு தட்டு. எனக்கு ஒரு சந்தேகம் வந்து தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிராம்தான் வித்தியாசம்.

“எங்கை அம்மா பழகினீங்கள்?”

“மன்னாரிலை.” அடுத்த தட்டுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார். “பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னாலை ஒரு பேக்கரி. எனக்கு எட்டு வயசு. என்ரை அப்பா கடலுக்குப் போய் வராத வருசம். அம்மா கொண்டுபோய் விட்டவ. முதல் அச்சுக்கு எண்ணெய் பூசுறது. பிறகு பணிஸ் உருட்டுறது. போறணை அடுப்புக்குக் கிட்டப் போக விடமாட்டினம், பொம்பிளைப் பிள்ளை எண்டு. ஆனால் போறணைக்குள்ளை போற எல்லாம் என்ரை கையாலைதான் போனது.”

“எத்தினை வருசம்?”

“கலியாணம் கட்டுமட்டும்.”

எட்டு வயது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வருடங்கள் முழுவதும். அம்மாவுக்குப் படிப்பு இல்லை என்பது எனக்கு அதுவரை வெறும் ஒரு வெற்றிடம். அந்த இடத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ கேட்டனியே?”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே நான் கேட்டிருக்கவில்லை.

முதல் தட்டை அன்றே சுட்டோம். எங்கள் வீட்டு அடுப்பின் சுடும் அறை அதுவரை தாச்சிச் சட்டிகள் அடுக்கும் அலுமாரியாகத்தான் இருந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, கேக் போடும்போது மட்டும் காலியாகும். தாச்சிகளை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சுட்டோம். கறுவாவும் உருகிய சீனியும் சேர்ந்த மணம் படிக்கட்டு வரை போய், கீழ்வீட்டு மனிதர் கதவைத் திறந்து மேலே பார்த்தார். நான் வீணாக்கிய மாவைத் தட்டி ரொட்டியாகச் சுட்டு, அப்பா பாணி பூசிச் சாப்பிட்டார். “உதுதான் உண்மையான ஆமிஷ்,” என்றார்.

இரண்டாவது தட்டைச் சுடாமல் மூடி, பால்கனிக் குளிரில் வைத்தோம். விடியும்வரை மெதுவாக எழும்பட்டும் என்று.

சனிக்கிழமை

பஸ்ஸில் தட்டை அம்மா மடியில் வைத்து, மேலே என் மப்ளரைப் போர்த்தியிருந்தார். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. மொழிக்காக என்று நான் கூடப் போனேன். உண்மையில் காவலுக்குப் போனேன்.

பேக்கரியின் உள்ளறையில் வெக்கை. ஃப்ராவ் கெஸ்லரின் கை முழங்கை வரை மா. தட்டை எட்டிப் பார்த்து, நூலால் வெட்டிய ஓரங்களைக் கவனித்து, புருவத்தை உயர்த்தினார். அடுப்பில் வைத்து மணியைத் திருப்பினார். இருபத்தைந்து நிமிடம்.

“அதற்குள் ஒரு உதவி,” என்றார். சுவரில் ஆணியில் குத்தியிருந்த காகிதங்களைத் தாடையால் காட்டினார். “இன்றைய ஓர்டர்கள். என் கை இப்படி இருக்கிறது. மேலே இருக்கும் மூன்றை வாசியுங்கள்.”

அம்மா காகிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். கண் இடமிருந்து வலமாக நகர்ந்தது. எத்தனை முறை ஒத்திகை பார்த்த காட்சி. ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

“எழுத்து சின்னதாக இருக்கிறது, நான் வாசிக்க...”

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். மா பிசைந்த கை. அந்தப் பிடியில் பேச்சு நின்றுவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி, காகிதத்தின் மேலே மேசையில் வைத்தார். ஃப்ராவ் கெஸ்லரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“என் கண் நல்லது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு மொழியிலும் தெரியாது.”

ஃப்ராவ் கெஸ்லர் முதலில் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு மாலையும் துடைக்கிற நிலம்.

“அப்படியென்றால் நான் உங்களுக்கு எழுதி வைக்கும் துண்டுகள்? ‘இன்று அடுப்புக்குக் கீழே துடைக்க வேண்டாம்’, ‘கண்ணாடிக் கதவைக் கழுவுங்கள்’... இரண்டு வருடமாக எழுதி ஒட்டுகிறேனே?”

“வீட்டுக்குக் கொண்டுபோவேன். மகள் வாசிப்பாள். அடுத்த நாள் செய்வேன்.”

ஃப்ராவ் கெஸ்லர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அந்த அறையே அதிரச் சிரித்தார்.

“கடவுளே! எல்லாம் ஒரு நாள் பிந்தி நடக்கும்! திங்கட்கிழமை கதவைக் கழுவச் சொன்னால் செவ்வாய்க்கிழமை கழுவியிருக்கும். உங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்!”

அம்மாவும் சிரித்தார், முதல் நாள் சட்டிக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஃப்ராவ் கெஸ்லரின் முகம் மாறியது. “ஆனால் இங்கே உள்ளே ஒரு நாள் பிந்த முடியாது,” என்றார். “மா காத்திருக்காது.”

“வாயால் சொல்லுங்கள். அன்றைக்கே செய்வேன்.”

அவர் மாவுக்குத் திரும்பினார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்பின் கண்ணாடி வழியே தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆணியில் குத்தியிருந்த காகிதங்களை எண்ணினேன். பதினான்கு இருந்தன.

மணி அடித்தது.

கவிழ்க்கிற பணிசில் தாமதம் கூடாது. சுட்டு எடுத்த உடனே கவிழ்த்து, தட்டைத் தூக்காமல் ஒரு நிமிடம் விட வேண்டும், பாணி இறங்குவதற்கு. நேரம் போனால் சீனி கல்லாகி, பணிஸ் தட்டோடு போய்விடும். அம்மா தட்டின் மேல் பலகையை வைத்து, துணியால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே வீச்சில் திருப்பினார். உதடு அசைந்தது. எண்ணினாரா, அருள்நிறைந்த மரியே சொன்னாரா தெரியாது. பிறகு தட்டைத் தூக்கினார்.

பதினொன்று பளபளவென்று பலகையில் நின்றன. கறுத்த பாணி ஒவ்வொன்றின் தோளாலும் வழிந்தது. பன்னிரண்டாவது, மூலையிலிருந்தது, தட்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அம்மா கரண்டிக் காம்பால் அதை நெம்பி எடுத்து, காலியாக இருந்த இடத்தில் பொருத்தி, தட்டில் மிஞ்சிய பாணியை வழித்து அதன் தலையில் ஊற்றினார். எது ஒட்டியது என்று பார்த்திராதவருக்குத் தெரியாது.

ஃப்ராவ் கெஸ்லர் அந்தப் பன்னிரண்டாவதைத்தான் எடுத்தார். விரலைச் சுட்டுக்கொண்டு பிய்த்துத் தின்றார். கன்னத்தில் பாணி.

“என்னுடைய நத்தை இதைவிட வறட்சி,” என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி. இன்னொரு துண்டு பிய்த்தார். “திங்கட்கிழமை. விடிய நாலு மணி. நான் ஓர்டர்களைச் சத்தமாக வாசிப்பேன். ஒரு மாதம் பார்ப்போம்.”

அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. அம்மா அங்கேதான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் கவிழ்த்த பணிஸ் உண்டு. பத்து மணிக்குள் போனால்தான் கிடைக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் காலித் தட்டு என் மடியில் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான்கு தரிப்பிடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று மொழி படித்த எனக்கு ஒன்றிலும் சொல் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்.

“அம்மா, கண்ணாடியை அங்கையே விட்டிட்டு வந்திட்டீங்களோ?”

“இல்லைப் பிள்ளை.” கைப்பைக்குள் தேடி எடுத்தார். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பாணி பட்டு விரலடையாளம் இருந்தது. கயிற்றை ஒழுங்காகச் சுற்றி என் கையில் வைத்தார்.

“உதை நீ வைச்சிரு,” என்றார். “உனக்காகத்தானே வாங்கினது.”